ஜெயினுலாப்தீனின் குதிகால்

தாராவியில் அந்தச் சந்து முழுக்க நஸீராவுக்குக் கோபக்காரி என்று பெயர். அறுபதைத் தாண்டியும் அது குறையவில்லை. கணவர் ஜெயினுலாப்தீன் தோல் பைப் பட்டறை வைத்திருக்கிறார். சர்க்கரை நோயால் அவர் பாதங்களில் உணர்ச்சி போய்விட்டது. தொழுகைக்குக் கால் கழுவி வந்தால் நஸீரா அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, விரலிடுக்குகளைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பாள். குதிகாலுக்கு எண்ணெய் தடவுவாள். இடுக்கில் எண்ணெய் படவிடமாட்டாள்.

மகளின் பிரசவத்துக்காகக் கோவண்டியில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்த அன்று, ஒற்றிய துணியில் ரத்தம். பாதத்தைத் திருப்பினாள். குதிகால் காய்ப்பின் ஓரம் மெலிந்து வழவழவென்றிருந்தது. மடித்துத் தைக்க வேண்டிய தோலின் ஓரத்தைப் பட்டறையில் அப்படித்தான் சீவுவார்கள். நடுவில் ஒரு வெட்டு, உள்ளே சீழ்.

"பட்டறைக் கத்தியாலயா சீவுனிய?"

"காஞ்ச தோலுதானளா. வலிக்கவே இல்ல."

"வலிக்காதுன்னுதான் தெனமும் ஒங்க காலைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன்! அடுத்த சந்து கரீம் பாட்சா அண்ணனுக்கும் வலிக்கல. இப்ப முட்டிக்குக் கீழ காலே இல்ல."

மகன் பைசான் எட்டிப் பார்த்தான். "வாப்பா, ஃபினிஷிங் ஏ ஒன்!"

"ஒன் வாயைத் தச்சிருவேன். கிளம்புல, டாக்டர்ட்ட போவணும்."

"ஆர்டர் போவட்டும் உம்மா. சண்டே பாத்துக்கலாம்."

"சண்டே வரைக்கும் சீழு லீவு போடுமால?"

சந்துக்குள் ஆட்டோ வராது. ரோடு வரை நடக்கிறேன் என்று ஜெயினுலாப்தீன் எழுந்தார். அந்தக் காலை ஊன்றினால் வெட்டு இன்னும் பிளக்கும். நஸீரா அவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனாள். கைவண்டியிலிருந்த தோல் கட்டுகளை இறக்கிப் போட்டு, வண்டியை வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"இதுலயா? நாலு பேரு பாப்பானுவ."

"ஒத்தக் காலோட பாக்கதுக்கு ரெண்டு காலோட பாக்கட்டும். ஏறுங்க."

காலில் சுத்தமான துணியைச் சுற்றித் தலையணைமேல் வைத்தாள். பைசான் தள்ளினான். சந்து முனையில் ஒருவன், "சேட், மால் கிதர்?" என்று, சரக்கு எங்கே போகிறது எனக் கேட்டுக் கூவினான்.

"ரிப்பேருக்கு!" என்றாள் நஸீரா.

டாக்டர் சீழை எடுத்துப் புண்ணைச் சுத்தம் செய்தார். எலும்புவரை போகவில்லை, கால் தப்பிவிடும் என்றார். ஞாயிறுவரை விட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க முடியாதாம். இனிக் காய்ப்பை இங்கே வந்துதான் எடுக்க வேண்டும். வீட்டில் கத்தியோ பிளேடோ படவே கூடாது.

நஸீராவின் முகம் இளகவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர். சத்தமா."

"ஏன்மா, அவருக்குக் காது கேக்காதா?"

"காதெல்லாம் நல்லாத்தான் கேக்கும்."