வேல்ஸ் என்று எழுதாத தவமணி அக்கா

போன செவ்வாய்க்கிழமை காலை மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. அருளம்பலம் காலமாகிவிட்டார் என்று தாதி ஆங்கிலத்தில் சொன்னார். எந்த அருளம்பலம் என்று ஒரு கணம் விழித்தேன். பிறகுதான் விளங்கியது, போனது நம் தவமணி அக்கா. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்ட புண்ணியத்தால், லண்டன் அவரைக் கடைசிவரை அப்பாவின் பெயராலேயே கூப்பிட்டது. ரயில் நிலைய டிக்கெட் கவுண்டரில் வேலை செய்தபோது சட்டையில் குத்தக் கொடுத்ததும் அந்தப் பெயர்தான். "அருளம்பலம் யாழ்ப்பாணத்திலை செத்துப் பத்து வருசம். அவர் இஞ்சை டிக்கெட் விக்க வரமாட்டார்" என்று மேலாளரிடம் சொல்லி, அதை மாற்ற வைத்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெயர் விஷயத்தில் அக்காவிடம் யாரும் விளையாட முடியாது. லண்டன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து வேல்ஸில் இருக்கும் முருகன் கோயிலுக்கு நாமெல்லாம் பஸ்ஸில் போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வேல்ஸ் எல்லைப் பாலத்தைத் தாண்டியதும் நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் தலைவர் மைக்கைப் பிடித்தார். "முருகன்ரை வேல் இருக்கிறபடியால்தான் இந்த நாட்டுக்கு வேல்ஸ் எண்டு பேர்!" பஸ் முழுக்க அரோகரா. அக்கா எழுந்துபோய் மைக்கை வாங்கினார்.

"வேலுமில்லை, மயிலுமில்லை. கடல் தாண்டி வந்த இங்கிலீசுக்காரன் இஞ்சை முதலே இருந்த சனத்துக்கு வைச்ச பேர் அது. அந்நியர் எண்டு அர்த்தம். அந்தச் சனம் தங்கடை நாட்டைச் சொல்லுறது கம்ரி எண்டு. ஒரே மண்ணின்ரை ஆக்கள் எண்ட சொல்லிலை இருந்து வந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான்."

கவுண்டரில் அவருக்குப் பக்கத்தில் இருந்த வேல்ஸ்காரி ஒருத்தி சொல்லித் தந்ததாம். வழிப்பலகையில் கம்ரி என்ற பெயர் ஓரிடத்தில் ஆங்கில எழுத்து 'சி'யிலும் ஓரிடத்தில் 'ஜி'யிலும் தொடங்குவதைக் காட்டி, "எங்களுக்கு ரெண்டுக்கும் ஒரு 'க' காணும்" என்று அக்கா சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை.

பள்ளியில் படிப்பித்துவந்த அக்கா அந்த வருடப் பள்ளி மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தந்தார், வேல்ஸ் என்று ஓரிடத்திலும் எழுதாமல் கம்ரி என்றே. இங்கிலாந்து அரசன் படையெடுத்துப் பிடித்த மலைகளில் கோட்டைகள் எழும்பியது, நீதிமன்றத்தில் அவர்களுடைய மொழி இல்லாமல் போனது, பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனையாக மரத்துண்டு தொங்கவிட்டது, இத்தனைக்கும் பிறகு இன்று அங்கே வழிப்பலகைகளில் அந்த மொழியும் நிற்பது, எல்லாம் அதில் இருந்தது. "சொந்த மண்ணில் வந்தேறி என்று பெயர் கேட்டவர்கள் நாங்கள். இவர்களுடைய பெயரை நாங்களாவது சரியாகச் சொல்லுவோம்" என்று முடித்திருந்தார்.

"கவுன்சில்காரர் பள்ளிக்கு மண்டபம் தாறாங்கள், அவங்களுக்கு இது பிடிக்காது. இது ஏன் எங்களுக்குத் தேவையில்லாத வேலை?" என்றார் தலைவர். மலரின் தொகுப்பாளர் நான். பயந்துபோய் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு ஒரு நகைக்கடையின் பொங்கல் வாழ்த்தைப் போட்டேன்.

பரிசளிப்பு விழாவன்று அக்கா அந்தப் பக்கத்தைத் தன்னிடமிருந்த நகலிலிருந்து பிரதி எடுத்துவந்து மண்டப வாசலில் நின்றார். உள்ளே போன ஒவ்வொருவரின் மலருக்குள்ளும் ஒன்றைச் செருகினார். என்னைக் கண்டதும் சத்தம் போடவில்லை.

"தம்பி, என்ரை எழுத்தை வெட்டினால் பேசாமல் இருந்திருப்பன். நீர் ஒரு சனத்தின்ரை பேரை வெட்டிப்போட்டீர்."

நான் வடைத் தட்டுகளை அடுக்குவதுபோல் பாசாங்கு செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

முப்பத்தோராம் நாளுக்கு இந்த நினைவு மலரை அச்சடிக்கிறோம் என்று தெரிந்து, தலைவர் நேற்று அழைத்தார். "அந்த வேல்ஸ் கதையை விடும். அன்பான ஆசிரியை எண்டு எழுதும், காணும்."

"ஏலாது, அண்ணை" என்றேன்.

அக்கா அன்பானவர்தான். அதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தவர் அல்ல. அவர் இருந்தபோது எனக்கு வராத துணிவு அவர் போனபிறகு வந்திருக்கிறது. அந்த வெட்கத்தையும் நானே சுமக்கிறேன். அவருடைய கையெழுத்தில் அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் திருப்பிக் கேட்கவில்லை, எனக்கும் கொடுக்க முகமில்லை. இனி அதை யாருக்கும் கொடுக்கமாட்டேன். அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள். ஓர் எழுத்தும் வெட்டாமல் போட்டிருக்கிறேன்.