சாமி வாக்குக் கேட்கக் குனிந்த விஸ்வேஸ்வரன்

திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் விஸ்வேஸ்வரனுக்கு இருபத்திரண்டு வருடச் சர்வீஸ். அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கலை ஒற்றை ஆளாகக் கிளறி இறக்குவார். தன் கையைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அவர் வாயைப் பற்றி ஊருக்குக் கொஞ்சம் பயம் உண்டு. பேச ஆள் கிடைத்தால் லேசில் விடமாட்டார்.

போன வருடம் கோயிலுக்கு, நின்றுபோகிற இதயத்துக்கு அதிர்ச்சி கொடுத்து ஓடவைக்கும் பெட்டி ஒன்று வந்தது. பிரிவுக்கு ஒருவர் பயிற்சிக்கு வரவேண்டும் என்றார்கள். மற்ற சமையல்காரர்கள் நைசாக நழுவிவிட, இவர் மாட்டிக்கொண்டார். சாதம் வடிக்கிறவனுக்கு டாக்டர் வேலை எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். கைகால் இல்லாத ஒரு பொம்மையைக் கிடத்தி, அதன் மார்பு இரண்டு அங்குலம் அமுங்கும்படி, நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அழுத்தச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு இரண்டே நிமிடத்தில் மேல்மூச்சு வாங்கியது. இவர் அசரவே இல்லை. சொல்லிக்கொடுக்க அரக்கோணத்திலிருந்து வந்திருந்த நர்ஸ் சுபியா, பொங்கல் கிளறிய கைக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று சிரித்தாள். அவ்வளவுதான். அன்றுமுதல், செய்துகாட்டுகிறேன் என்று இவர் அழுத்தியதில் கல்யாண வீட்டுத் தலையணை ஒன்றுகூடத் தப்பவில்லை. ஊர் இவருக்கு ‘பொம்மை ஐயர்’ என்று பெயர் வைத்தது. அதிலும் இவருக்குப் பெருமைதான்.

இந்த ஆடிக்கிருத்திகையன்று காலை, நைவேத்தியத்துக்கு அரிசியை உலையில் போட்டுவிட்டு, கூட்டம் பார்க்க மேல்படிக்கு வந்தார். குளித்து ஈரவேட்டி கட்டி மடியாக இருந்தார். நைவேத்தியம் முடியும்வரை யாரையும் தொடக்கூடாது. அதனால் எட்டியே நின்றார்.

பள்ளிப்பட்டு நெசவாளர் கஜபதி பூக்காவடியோடு ஆடிக்கொண்டே ஏறிவந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், மார்பெல்லாம் சந்தனம். பின்னால் மனைவி அம்சா. கடைசிப் படியைத் தாண்டியதும் காவடி ஒரு பக்கம் சாய, அவர் ஒரு பக்கம் சாய்ந்தார்.

கூட்டம் பதறவில்லை. காவடி எடுத்தவர் விழுந்தால் இந்த மலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சாமி இறங்கியிருக்கிறது. அரோகரா போட்டார்கள், விபூதி தூவினார்கள். பம்பைக்காரர் இன்னும் பலமாக அடித்தார். கஜபதியின் வாய் திறந்து திறந்து மூடியது. தொண்டையில் கர்ரென்று ஏதோ சத்தம். சாமி வாக்குச் சொல்கிறது என்று யாரோ சொன்னதும் எல்லோரும் காதை நீட்டிக் குனிந்தார்கள். விஸ்வேஸ்வரனும்தான். மகள் ஸ்ரீவர்ஷினிக்கு எப்போது வரன் அமையும் என்று கேட்டுவிடலாம் என்ற ஆசை அவருக்கு.

வார்த்தை எதுவும் வரவில்லை. ஒரு இழுப்பு, அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை, மறுபடி ஒரு இழுப்பு. உதடு நீலம் பாய்ந்திருந்தது. தரையில் போட்ட மீன் மாதிரி வாய் திறந்தால் அதை மூச்சென்று நம்பிவிடக் கூடாது, இதயம் நின்றுவிட்டதற்கு அது அடையாளம் என்று சுபியா சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தோளைத் தட்டிக் கூப்பிட்டார். அசைவில்லை. பம்பைக்காரரைக் கையமர்த்தி நூற்றியெட்டுக்குப் போன் போடச் சொன்னார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரரை, முதலுதவிக் கூடாரத்திலிருந்து பெட்டியைக் கொண்டுவர விரட்டினார். மண்டியிட்டு மார்பின் நடுவில் உள்ளங்கையை ஊன்றினார். அம்சா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“சாமி மேல கை வைக்காதீங்க, ஐயரே. குத்தமாப் பூடும்.”

“சாமி எங்கயும் போவாதும்மா. உங்க வூட்டுக்காரருதான் போய்கினு இருக்காரு. கைய வுடுங்க.”

அவள் விட்டாள்.

மடி போனது. உலையில் சாதம் குழைந்தால் குழையட்டும். எண்ணிக்கொண்டே அழுத்தினார், கூட்டமும் சேர்ந்து எண்ணியது. உள்ளே எலும்பு ஒன்று மளுக்கென்றது. பொம்மையிடம் இந்தச் சத்தம் வந்ததே இல்லை. பயந்துபோனார், ஆனால் நிறுத்தவில்லை.

திருவிழாவுக்காக முதலுதவிக் கூடாரத்தில் பணியிலிருந்த சுபியாவே பெட்டியோடு ஓடிவந்தாள். ஈரத்தின்மேலும் சந்தனத்தின்மேலும் அதிர்ச்சி பாய்ச்சும் பட்டை ஒட்டாது என்று அவள் சொல்லி வாய்மூடவில்லை, அம்சாவே முந்தானையால் புருஷன் மார்பை வழித்துத் துடைத்தாள். வலது தோளெலும்புக்குக் கீழே ஒன்று, இடது அக்குளுக்குக் கீழே ஒன்று என இரண்டு பட்டைகளை சுபியா ஒட்டும்வரை இவர் கை ஓயவில்லை. பெட்டி இங்கிலீஷில் உத்தரவு போட்டது. எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். கஜபதியின் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. பிறகு அப்படியே கிடந்தது.

“பாத்துகினு நிக்காதீங்க, ஐயரே. அமுத்துங்க.”

மறுபடி அழுத்தினார். எண்ணிக்கை குழம்பி, முருகா முருகா என்றே அழுத்தினார். கண்ணில் இறங்கியது வியர்வையா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

திடீரென்று ஒரு கை மெல்ல எழுந்து அவர் கையைத் தள்ளியது. கஜபதி முகத்தைச் சுளித்தார். மார்பு ஏறி இறங்கியது, சரியான மூச்சு.

“வலிக்குதுய்யா” என்றார்.

விஸ்வேஸ்வரன் கையை எடுத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அம்சா புருஷனின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

“வலிக்கட்டும்யா” என்றாள். “நல்லா வலிக்கட்டும்.”