ஜன்னல் விளிம்பில் வைத்த ஜல்லிக் கற்கள்

அறுபதுகளின் கடைசியில், தாம்பரத்தில் ஒரு சர்ச் ஹாலில் நடந்த நர்சரிக்கு நான்தான் டீச்சர். இருபத்தெட்டுக் குழந்தைகள், ஒரு ஆயா, ஒரு கரும்பலகை. பெற்றோர் கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று சட்டம் போட்டவளும் நான்தான். அம்மா முகத்தைப் பார்த்தால் குழந்தை அழும், பாடம் கெடும் என்பது என் கட்சி. உண்மையைச் சொன்னால், பெரியவர்களோடு பேச எனக்குப் பயம். அந்தப் பயத்துக்குக் கண்டிப்பு என்று பெயர் வைத்திருந்தேன். டீச்சரிடம் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று அவர்களும் ஒதுங்கி நின்றார்கள். சொல்ல வேண்டியது இருந்தால் ஆயாவிடம் சொல்லி அனுப்புவார்கள். அதில் பாதி என்னிடம் வந்து சேராது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு குழந்தைதான் வந்தாள். நான்கு வயது, அழவே அழாத பெண். காலையில் அவள் அப்பா வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுப் போவார். மத்தியானம் அந்தத் திசைக் குழந்தைகளை ஆயா வரிசையாக அழைத்துப் போய் ஒவ்வொரு அம்மாவிடமும் ஒப்படைப்பார். கடைசியாக ஒப்படைப்பது இவளை.

தினம் காலையில் அவள் பையிலிருந்து ஒரு ஜல்லிக் கல்லை எடுத்து என் கையில் வைப்பாள். கருநீலக் கல், கூரான விளிம்பு, சில நாள் கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு. வீட்டுப் பக்கம் யாரோ வீடு கட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், ஒரு வார்த்தைதான். பிசுக்கைத் துடைத்துவிட்டு ஜன்னல் விளிம்பில் அடுக்கினேன். அந்தக் கற்களை வைத்தே வகுப்புக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தேன். காசில்லாமல் கிடைத்த பாடக் கருவி என்று எனக்குப் பெருமை வேறு.

ஒரு நாள் ஆயாவுக்குக் காய்ச்சல். மத்தியானம் நானே குழந்தைகளை அழைத்துப் போனேன். ஒவ்வொருவராக விட்டு, கடைசியில் அவளும் நானும் மட்டும் கூட்ஸ் ஷெட் சுவர் முடியும் இடத்துக்கு வந்தோம். அதற்கப்பால் நான்கு தண்டவாளங்கள், நடுவே ஜனங்கள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதை. அவள் என் கையை விட்டாள்.

"நீங்க போங்க டீச்சர். ஆயா இங்கியே திரும்பிடுவாங்க."

அம்மா எங்கே என்று கேட்டேன். எதிர்ப்பக்கம் கை காட்டினாள். அங்கே ஆள் உயரத்துக்கு மரக்கட்டைகள் அடுக்கியிருந்தன. யாரும் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் முதல் தண்டவாளத்தருகே குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க டீச்சர். ஆடுது. வண்டி வருது."

தொட்டேன். ஆடியது. வளைவில் ஒன்றும் தெரியவில்லை, சத்தமும் இல்லை. அவளை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். மின்சார ரயில் என் முந்தானையைக் காற்றில் இழுத்துக்கொண்டு கடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவளுக்கு ஒன்றுமே இல்லை. ரயில் போனதும் குனிந்து, தண்டவாளத்தின் நடுவிலிருந்து ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். தினம் காலையில் என் கைக்கு வந்த கல் இதுதான்.

அவளைத் தூக்கிக்கொண்டு தாண்டினேன். கட்டைகளுக்குப் பின்னால் இடுப்பில் கைக்குழந்தையோடு அவள் அம்மா நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் பதறிப்போனாள்.

"ஆயா இன்னா ஆச்சு டீச்சர்? தெனிக்கும் அவங்கதானே தாண்டி இட்டுகினு வருவாங்க?"

பிறகு விசாரித்ததில் தெரிந்தது: அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள், வெட்கத்தால் முன்னால் வர மாட்டாள் என்று ஆயா நினைத்திருந்தார். ஆயா கட்டைகள் வரை வருவார் என்று அம்மா நினைத்திருந்தாள். சுவருக்கும் கட்டைகளுக்கும் நடுவில் நான்கு வயதுக் குழந்தை தனியாக நடந்திருக்கிறாள்.

மறுநாள் குழந்தையை அம்மாவே அழைத்து வந்தாள். கேட்டைத் திறந்து அவளை உள்ளே கூப்பிட்டேன். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தாள். ஜன்னலைப் பார்த்ததும் நின்றாள்.

"இந்தக் கல்லு நீங்க குடுத்து அனுப்புறதுன்னு நெனச்சேன் டீச்சர். எண்ணுற பாடத்துக்குன்னு. காலைல மறந்துறப் போறாளேன்னு நான்தான் பையில எடுத்து வெப்பேன்."

அம்மா வகுப்புக்குள் வந்துவிட்ட சந்தோஷத்தில் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. தன் சாமர்த்தியத்தைக் காட்ட ஜன்னலுக்கு ஓடினாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒவ்வொரு கல்லாகத் தொட்டு, உரக்க எண்ண ஆரம்பித்தாள். முதலில் அம்மா சிரித்தாள். ஐந்தில் சிரிப்பு நின்றது. நான் தடுத்திருக்க வேண்டும். பதினொன்று என்றபோது அம்மா ஓடிப்போய்க் குழந்தையின் வாயைக் கையால் பொத்தினாள். ஜன்னலில் இன்னும் இரண்டு வரிசை மீதி இருந்தது.