வேப்பிலைக்குப் பதிலாக

மகனுக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளித்தபோது, நான் முதலில் தேடியது வேப்பிலையைத்தான். ஒஸ்லோவில், குறொன்லாண்ட் கடைகளில் வேப்பிலைத் தூள்தான் இருந்தது. வேறு வழி தெரியாமல், எங்கள் குடியிருப்பு முற்றத்துப் பேர்ச் மரத்தில் ஒரு கொத்து முறித்து வாசற்கதவில் கட்டினேன். நோர்வே அயலவர்கள் அழகாக இருக்கிறது என்றார்கள்.

கீழ்வீட்டுக் குசுமா மட்டும் அதைக் கண்டு நின்றுவிட்டார். அவர் சிங்களவர். எங்களுக்குள் “ஹாய்” தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. மட்டக்களப்புச் சோதனைச்சாவடிகளில் கேட்ட அந்த மொழி படிக்கட்டில் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வேன்.

“பிள்ளைக்கா?” என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். தலையாட்டினேன்.

பின்னேரம் தட்டில் வெற்றிலை பரப்பி, மேலே வெள்ளைப் பூ வைத்து ஏந்திக்கொண்டு வந்தார்.

“எங்கட ஊரில இதுக்குப் பத்தினித் தெய்வத்துக்குப் பூ வைப்பம். உள்ளுக்கு வரலாமா?” என்றார், அதே நோர்வேஜிய மொழியில்.

கதவைப் பிடித்தபடி தயங்கினேன். உள்ளே மகன் கொப்புளக் கடி தாங்காமல் சொறிந்து அழுதுகொண்டிருந்தான்.

“வாங்கக்கா” என்றேன், என்னை அறியாமல் தமிழில்.

எங்கள் சாமிப் படங்களுக்கு முன்னால் தட்டை வைத்து, கைகூப்பிச் சிங்களத்தில் பாடினார். எனக்குப் பிடிபட்டது “பத்தினி” என்ற ஒரு சொல்தான். அது எங்கள் கண்ணகை அம்மன். கூடவே நானும் கைகூப்பினேன். பாட்டு முடிவதற்குள் மகன் கண்ணயர்ந்திருந்தான்.

அவர் பாடியதன் பொருள் இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சலில் மேல் சுட்டால், படியிறங்கிப் போய் முதலில் அவருடைய கதவைத்தான் தட்டுகிறேன்.