தனபாக்கியத்தின் முதல் வக்காலத்து

1976-ல் மதராஸில் பி.எல். முடித்து, கறுப்பு அங்கியும் கையுமாக ஆம்பூருக்குத் திரும்பிய தனபாக்கியத்துக்கு அதைவிடப் பெரிய பரீட்சை ஒன்று பாக்கி இருந்தது. சீனியர் பிடிப்பது. மூத்த வக்கீல் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்ந்தால்தான் நாலு கேஸ் கட்டு கண்ணில் படும். அந்த நாளில் ஜூனியர் வேண்டுமென்று யாரும் விளம்பரம் கொடுக்கவில்லை. அண்ணன் மகன், மச்சினன், அதுவும் இல்லையென்றால் சொந்தக்காரர்கள் சொல்லி அனுப்பிய பையன். அவ்வளவுதான்.

வேலூரில் மூன்று வீட்டு வாசல் ஏறினாள். ஒருவர், பொம்பளைப் பிள்ளைக்கு கோர்ட்டு சரிப்படாது என்றார். இன்னொருவர் கடைசிவரை வெளியே வரவேயில்லை. மூன்றாமவர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, மதிப்பெண்களைப் பார்த்துப் பாராட்டிவிட்டுக் கேட்டார்:

“அப்பா என்ன பண்றார்மா?”

“டேனரில வேலை சார். சுண்ணாம்புத் தொட்டில தோல் ஊறப்போட்டு எடுப்பாரு.”

அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகினார். “ஆபீஸ் வீட்டுலயே இருக்கு பாரும்மா. ஜூனியர்னா உள்ளே வந்து போகணும். எங்க அம்மா ஆசாரம் பாக்கறவங்க. எனக்கு ஒண்ணும் இல்லை, நீ தப்பா எடுத்துக்காதே.”

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் எப்படி எடுத்துக்கொள்வது என்று தனபாக்கியத்துக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் மாதனூர் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

“டீச்சர் வேலைக்கு மனு போடுடி” என்றாள் அம்மா எல்லம்மா. அப்பா ஜம்புலிங்கம் மட்டும், சுண்ணாம்பு அரித்த விரல்களுக்கு எண்ணெய் தடவியபடியே, “கோட்டு தச்சாச்சு இல்ல? போட்டுக்கினு போ. ஒருத்தரும் கூப்பிடலைன்னா பின்னால குந்திக்கினு கேளு. கேக்கறதுக்கு யார் பர்மிஷன் வேணும்?” என்றார்.

அப்படியே போனாள். எட்டு மாதம். எந்த கோர்ட்டிலும் கடைசி பெஞ்சு. வக்கீல் குமாஸ்தா ஒருவர், டைப் அடிக்க வந்தியாம்மா என்று இரண்டு தடவை கேட்டார். அவள் நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தாள்.

ஒன்பதாவது மாதம், தொழிலாளர் நஷ்டஈட்டு விசாரணை ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். இஷ்தியாக் அகமது என்ற டேனரித் தொழிலாளிக்கு வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. தோலைப் பதப்படுத்த மின்சாரத்தில் சுழலும், அறை அளவுக்கு இருக்கும் மர டிரம்மிலிருந்து தோலை எடுக்கும்போது நடந்த விபத்து. வக்கீல் இல்லை, மனைவி அக்தரி பேகம்தான் கூட வந்திருந்தாள். இஷ்தியாக்குக்குத் தமிழ் நன்றாக வரும். ஆனால் சாட்சி சொல்ல எழுந்ததும் நாக்கு வீட்டு மொழிக்குப் போய்விட்டது, உருதுவில் கொட்டினார். விசாரணை அதிகாரிக்குப் புரியவில்லை. “எனக்குக் கொஞ்சம் தெரியும்” என்று கம்பெனி வக்கீலின் குமாஸ்தா முன்னால் வந்தார்.

“டிரம் சுத்தும்போது கைய உள்ள விட்டேன்னு சொல்றார் சார்.”

தனபாக்கியம் எழுந்து நின்றுவிட்டாள். டேனரி லைன் வீடுகளில் ஒரே பம்பில் தண்ணீர் பிடித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு உருதுவில் சண்டை போட்டு வளர்ந்தவள் அவள்.

“சார், அவர் சொன்னது அது இல்லை!”

கம்பெனி வக்கீல் திரும்பினார். “இந்தம்மா யாரு? இந்த கேஸ்ல இருக்காங்களா?”

“இல்லை சார். ஆனா அவரையே திரும்பக் கேளுங்க. தமிழ்லயே கேளுங்க.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பயப்படாம மெதுவா சொல்லுப்பா. என்ன நடந்தது?” என்றார்.

இஷ்தியாக் மூச்சு வாங்கிக்கொண்டார். “நின்ன டிரம்லதான் தோல் எடுத்துக்கினு இருந்தேன் சார். நான் கைய எடுக்கறதுக்கு முன்னாடியே சுவிச்சு போட்டுட்டாங்க.”

அக்தரி பேகம் நேராக தனபாக்கியத்திடம் வந்தாள். “நீ வக்கீலா பேட்டி?” என்றாள், மகளை அழைப்பதுபோல.

“ஆமாம்மா.”

“அப்போ எங்களுக்கு நீயே வா.”

வராந்தாவில் வக்காலத்துப் படிவம் வாங்கி நிரப்பினாள். இஷ்தியாக் இடது கட்டைவிரலை மையில் வைத்து அழுத்தினார். கீழே அவள் தன் கையெழுத்தைப் போட்டாள்.

நாலு மாதத்தில் நஷ்டஈடு தீர்ப்பானது. அதற்குப் பிறகு எந்த சீனியரும் கூப்பிடவில்லை; அவளுக்கும் தேவைப்படவில்லை. ஆம்பூர் பஜாரில் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்தாள். கை போனவர்கள், கண் எரிந்தவர்கள், சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தப்பட்டவர்கள் எல்லாரும் அந்தக் குறுகலான மாடிப்படி ஏறினார்கள். ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு. கோபம் ஜாஸ்தி என்று பெயர் வாங்கினாள்.

1984-ல் ஒண்டியாய்ச் சமாளிக்க முடியாமல், சட்டக் கல்லூரிக்கு ஒரு அறிவிப்பு எழுதி அனுப்பினாள்: ‘ஜூனியர் இருவர் தேவை. எந்த ஊர், யார் பிள்ளை என்று எழுத வேண்டாம். இத்துடன் உள்ள தீர்ப்பைப் படித்து, வழக்கு எங்கே கோட்டைவிடப்பட்டது என்று இரண்டு பக்கம் எழுதவும்.’ தீர்ப்பில் இருந்த பெயர்களையெல்லாம் மையால் அடித்திருந்தாள்.

பதினோரு பேர் எழுதினார்கள். குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் வீட்டுப் பையன் செங்கல்வராயனின் எழுத்து தெளிவாக இருந்தது, எடுத்து வைத்தாள். மற்ற எல்லாரும் நீதிபதியைக் குறை சொல்லியிருக்க, ஒரே ஒரு கடிதம், ‘தப்பு தொழிலாளியின் வக்கீலுடையது. மேஸ்திரியைச் சாட்சியாக அழைக்காதது சோம்பேறித்தனம்’ என்றது. தனபாக்கியத்துக்குச் சுருக்கென்றது. கடிதத்தைத் தூக்கி மேஜையில் போட்டாள். அறைக்குள் இரண்டு நடை நடந்தாள். பிறகு உட்கார்ந்து, திங்கட்கிழமை வரச் சொல்லிக் கார்டு எழுதினாள்.

வந்தவள் அஃப்ஸர் ஜஹான். ஆம்பூர்ப் பெண்தான். அலமாரியில் பழைய கட்டுகளை அடுக்கும்போது அந்த வழக்கின் கட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். வக்காலத்தில் தனபாக்கியத்தின் கையெழுத்து இருந்தது.

“மேடம்... அந்த வக்கீல் நீங்களா?”

“நானேதான். சோம்பேறித்தனம் இல்லை, மேஸ்திரி ராணிப்பேட்டைக்கு ஓடிட்டான்” என்றாள் தனபாக்கியம், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “ஆனா தேடிக்கினு போயிருக்கணும். அதுல நீ சொன்னது கரெக்டு. சேரை இழுத்துப் போட்டு உக்காரு, அப்பீல்ல இன்னா செய்யலாம்னு பாப்போம்.”