அத்தை கடையில் சிவந்த இட்லி

நுண்ணுயிரியல் படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் அடுத்து வரும் கேள்வி, "அப்ப நர்சுங்களா?" என்பதுதான். இல்லை என்றால், "லேப்புல ரத்தம் எடுக்கறதுங்களா?" என்பார்கள். அதுவும் இல்லை என்றால் பேச்சு தறிக்கும் நூல் விலைக்கும் திரும்பிவிடும். சூலூரை அடுத்து எங்கள் வீடு. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். மருத்துவ சீட்டு கிடைக்காதவர்கள் வந்து சேரும் படிப்பு இது என்று பொதுவாக ஒரு நினைப்பு உண்டு. என் வகுப்பில் பலர் அப்படி வந்தவர்கள்தான். நான் விரும்பி வந்தேன். பள்ளியில் ஒரு நாள் டீச்சர் ஒரு சொட்டு மோரை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துக் காட்டினார். குச்சிகுச்சியாக என்னென்னவோ கிடந்தன. தினமும் சோற்றில் ஊற்றிச் சாப்பிடும் ஒன்றுக்குள் இவ்வளவு கூட்டம் இருப்பதை இத்தனை நாள் யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று இருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கோயமுத்தூரில் இளங்கலை முடித்து, அங்கேயே பல்கலைக்கழகத்தில் முதுகலையும் சேர்ந்தேன். ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே நகரம் முழுவதையும் கடக்க வேண்டும் என்பதால் ஹாஸ்டல். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவேன்.

லேபில் என் கை நல்ல கை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. கம்பியை நெருப்பில் பழுக்கக் காட்டி, ஆற விட்டு, கிருமிக் கூட்டத்தை லேசாகத் தொட்டு எடுத்து, தட்டில் கிருமிக்குத் தீனியாக உறைந்திருக்கும் ஆகார் கிழியாமல் கோடு இழுக்க வேண்டும். பலருக்கு ஆகார் உழுத காடு மாதிரி ஆகிவிடும். எனக்கு முதல் வாரத்திலேயே வழுக்கிக்கொண்டு வந்தது. மறுநாள் மூடியைத் தூக்கிப் பார்த்தால், இழுத்த கோட்டின் கடைசியில் தனித்தனிப் பொட்டுகளாகக் கிருமிகள் வளர்ந்து நிற்கும். ஒவ்வொரு பொட்டும் ஒரே ஒரு கிருமியின் குடும்பம். அதைப் பார்க்கும் சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

இரண்டாம் ஆண்டில் ஆளுக்கொரு ஆராய்ச்சித் தலைப்பு எடுக்க வேண்டும். எங்கள் வழிகாட்டியான மேடம் கண்டிப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பார். திருப்பூர்ச் சாயக் கழிவு, ஈரோட்டு மஞ்சள் என்று வருடா வருடம் மாணவர்கள் செய்யும் தலைப்புகள் அவரிடம் இருந்தன. வால்பாறையிலிருந்து வந்த என் தோழி தேயிலைத் தோட்டத்து மண்ணை எடுத்துக்கொண்டாள். லேபில் என் பக்கத்து மேசை அவளுடையது. நான் மட்டும் இன்னும் ஒன்றும் முடிவு செய்யாமல் இருந்தேன்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோதுதான் அத்தை கடை விஷயம் தெரிந்தது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. சூலூரில் தறிக் குடோன்கள் இருக்கும் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். காலையும் சாயங்காலமும் இட்லி, ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்பும் உண்டு. தறியோட்டுகிறவர்கள் ராத்திரி ஷிப்டுக்குப் பொட்டலம் கட்டி வாங்கிப் போவார்கள். எப்போதும் நெரிசலாக இருக்கும் கடையில் அன்று காலை இரண்டு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னங்கத்தை, கூட்டத்தையே காணம்?" என்று கேட்டேன்.

அத்தை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமாதான் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார். முதல் நாள் காலையில் மீந்த இட்லியை மறுநாள் காலையில் உப்புமாவுக்கு உதிர்க்க எடுத்தபோது அதில் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள் இருந்தனவாம். ரத்தம் தெளித்தது மாதிரி, ஈரமாக. கொட்டிவிட்டார்கள். சில நாள் கழித்து மறுபடியும். அதோடு போயிருந்தால் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கும். தறியோட்டும் ஒருவர் சாயங்காலம் வாங்கிய பொட்டலத்தைச் சாப்பிடாமல் வைத்திருந்து, இரண்டாம் நாள் காலையில் பிரித்திருக்கிறார். அவர் சத்தம் போடவில்லை. பொட்டலத்தை அப்படியே கொண்டுவந்து, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையின் நடுவில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"ரத்தம்னு பேசிக்கறாங்க கண்ணு. ஆரோ செய்வினை செஞ்சுபோட்டாங்களாம்" என்றார் மாமா. மந்திரித்த எலுமிச்சம்பழம் ஒன்று கல்லாவுக்கு மேல் தொங்கியது.

யார் செய்திருப்பார்கள் என்பதிலும் அத்தைக்குச் சந்தேகம் இல்லை. எதிர்த்த வரிசையில் புதிதாக ஒரு இட்லிக் கடை வந்திருந்தது. அதை நடத்தும் அக்கா முன்பு அத்தையிடம் வேலை பார்த்தவர். அத்தை அவரோடு பேச்சை நிறுத்தியதோடு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார்.

"அந்த இட்லி இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"அதை வெச்சிருப்பாங்களாக்கும்? குழி தோண்டிப் பொதைச்சுபோட்டோம்."

எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. அவர்கள் பொழப்புக் கெட்டு நிற்கும்போது இப்படி இருக்கக் கூடாதுதான். ஆனால் மாவுப் பண்டத்தில் சிவப்பாக வளரும் ஒரு கிருமியைப் பற்றி நான் படித்திருந்தேன். செராஷியா என்று பெயர். ஈரம் இருக்கும் இடத்திலெல்லாம் இருக்கும். அதுவாகத்தான் இருக்கும் என்று அங்கே நின்றபடியே தோன்றியது. தோன்றினால் போதாது, காட்ட வேண்டும்.

திங்கட்கிழமை மேடத்திடம் போய் இதுதான் என் தலைப்பு என்றேன். "ஒரு இட்லிக் கடையை வெச்சு எம்.எஸ்சி. புராஜெக்டா?" என்று கேட்டார். "ஆமாங்க மேடம். ஒரு கிருமி எங்கிருந்து வந்து எப்படி ஒட்டுதுன்னு முழுசாக் காட்டுவேன்" என்றேன். தலைப்புப் பட்டியலில் என் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டு, சரி என்றார்.

கிருமி நீக்கிய பஞ்சுக் குச்சிகளோடு அத்தை கடைக்குப் போனேன். மாவு, தொட்டித் தண்ணீர், கிரைண்டர் கல், இட்லித் தட்டு, கரண்டி, வெந்த இட்லியைப் போட்டு வைக்கும் பெரிய கூடை, அதை மூடும் துணி என்று ஒவ்வொன்றையும் குச்சியால் துடைத்துச் சோதனைக் குழாயில் போட்டுக்கொண்டேன். அத்தை அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ர கடையில அழுக்கு இருக்குதுன்னு எழுதிப் பாஸ் பண்றதுக்கா அம்மணி இதெல்லாம்?"

"அப்படியில்லீங்கத்தை. எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சா நிறுத்திப்போடலாம்."

"எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும்" என்று எதிர்க் கடையைப் பார்த்தார்.

பஸ்ஸில் வரும்போது அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். செய்வினை என்றால் அத்தைமேல் குற்றம் இல்லை. கிருமி என்றால், அவர் கடையில், அவர் கழுவிய ஏதோ ஒன்றில் இருந்து வந்தது என்று ஆகிவிடும். இத்தனை வருடம் சுத்தம் என்று பெயர் வாங்கிய மனுஷிக்கு எது லேசு? நான் கண்டுபிடித்தாலும் அதை அவரிடம் சொல்வது எளிதாக இருக்காது என்று அப்போதே தெரிந்தது.

லேபில் எல்லா மாதிரிகளையும் தட்டுகளில் இழுத்து, வழக்கம்போல் உடம்புச் சூட்டில் இருக்கும் இன்குபேட்டருக்குள் வைத்தேன். மறுநாள் திறந்தால் எல்லாத் தட்டிலும் வெள்ளையும் வெளிர் மஞ்சளும்தான். மூடும் துணியிலிருந்து எடுத்த தட்டில் மட்டும் அடர்த்தியாக வளர்ந்திருந்தது. அதுவும் வெள்ளை.

மேடம் ஒவ்வொரு தட்டாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சிவப்பு ஒண்ணுமே இல்லையேம்மா. நீ நினைச்சது இல்ல போலிருக்கு. சாயக் கழிவுக்கு மாறிக்கறியா? இன்னும் நேரம் இருக்கு."

தோழியும், "சாயந்தான் ஏதாவது தெறிச்சிருக்கும், உங்க ஊர்ல இல்லாத சாயமா" என்றாள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அடம் என்று சொல்வார்கள், அப்படியே இருக்கட்டும். சிவந்த இட்லி இருந்த இடம் இன்குபேட்டர் இல்லை, அத்தையின் சமையல்கட்டு. தென்மேற்குச் சாரல் அடிக்கும் மாதத்தில் ராத்திரி அடுப்பு அணைந்த பிறகு அங்கே என்ன சூடு இருந்துவிடப் போகிறது? துணித் தட்டில் வளர்ந்த வெள்ளைப் பொட்டு ஒன்றைத் தொட்டு, இரண்டு புதுத் தட்டுகளில் இழுத்தேன். ஒன்றை இன்குபேட்டரில் வைத்தேன். மற்றதை ஜன்னல் பக்கம் மேசைமேலேயே வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மேசைமேல் இருந்தது ரோஜா நிறம் காட்டியது. அதற்கு அடுத்த நாள் மூடியைத் தூக்கவே தேவை இருக்கவில்லை. கதவருகிலிருந்தே தெரிந்தது, மருதாணி பூசினாற்போல் நல்ல சிவப்பு. இன்குபேட்டரில் இருந்த அதே கிருமி வெள்ளை வெளேரென்று இருந்தது. உடம்புச் சூட்டில் அது நிறம் காட்டாது. சூடு குறைந்தால்தான் சிவக்கும். பாடத்தில் ஒரு வரியாக எப்போதோ வந்ததுதான். கண்ணால் பார்க்கும்போது அது வேறாக இருந்தது.

மேடத்தைக் கூப்பிட்டேன். இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போய், அடுத்த அறையில் இருந்த பேராசிரியர்கள் இருவரைக் கூட்டி வந்தார். "சிவப்பை இன்குபேட்டர்ல எதிர்பார்த்தது நான். இந்தப் பொண்ணு வெளியே வெச்சுப் பார்த்திருக்கா" என்று அவர்களிடம் சொன்னார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் படவில்லை.

மற்ற சோதனைகளிலும் அது செராஷியாதான் என்று உறுதியானது. இட்லியில் ஏற்றிப் பார்ப்பது மட்டும் பாக்கி. ஹாஸ்டல் மெஸ்ஸிலிருந்து இட்லி வாங்கி வந்து, பிரஷர் குக்கரைப் போன்ற எங்கள் ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்கினேன். அதற்குப் பிறகும் இட்லியின் கெட்டித்தனத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்று தோழி சொன்னாள். சிலவற்றில் கிருமியைத் தொட்டு வைத்தேன், சிலவற்றைச் சும்மா விட்டேன். தொட்டு வைத்தவை மட்டும் சிவந்தன. பார்க்க ரத்தம் மாதிரியேதான் இருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் விடிகாலையில் பொட்டலத்தைப் பிரித்து இதைப் பார்த்தால் பயப்படாமல் என்ன செய்வார்?

வெந்த இட்லியில் கிருமி கிடையாது, ஆவியிலேயே செத்துவிடும். தட்டில் போடும் துணியும் இட்லியோடு சேர்ந்து வேகிறது. கூடையை மூடும் துணி மட்டும்தான் ஆவியைப் பார்க்காதது. சாரல் தொடங்கியதிலிருந்து அது காயவே இல்லை. தினமும் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு சூடான இட்லிமேல் போட்டிருக்கிறார்கள்.

இதை வாயால் சொன்னால் அத்தை ஏற்க மாட்டார். மேடத்திடம் கேட்டு அனுமதி வாங்கி, அத்தையையும் மாமாவையும் லேபுக்கே வரச் சொன்னேன். அத்தை நல்ல புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு வந்தார். மேடம் அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மூடி ஒட்டிய தட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தேன். எது மாவு, எது தண்ணீர், எது துணி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அத்தை துணித் தட்டைக் குனிந்து பார்த்தார். "இதே செவப்புதான்" என்றார். பிறகு, "நான் தெனமும் தொவைக்கறனே கண்ணு" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"தொவைச்சீங்க அத்தை. காயலை. வெயில் இல்லாததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொதிக்க வெச்சாச் சாகுமா?"

"செத்துப்போகுங்கத்தை. இட்லிச் சட்டியிலயே துணியப் போட்டு நல்லா கொதிக்க வெச்சு, அடுப்புக்கு மேல காயப் போடுங்க. கூடையையும் கொதிதண்ணி ஊத்திக் கழுவுங்க. ராத்திரி மீந்ததைக் கூடையிலயே வெக்காதீங்க."

"சாப்பிட்டவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" இந்தக் கேள்வியை மேடத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நல்ல உடம்புக்காரங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதுங்க. நோயாளிங்க, கைக்குழந்தைங்கன்னா கெடுதல் பண்ணலாம். அதனால நிறுத்தறதுதான் நல்லது" என்றார் மேடம்.

ஊருக்குப் போன அன்றே அத்தை பழைய துணிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுத் துணி வாங்கினார். அதன் பிறகு இட்லி சிவக்கவில்லை. நான் மறுபடி போய்க் குச்சியால் துடைத்து வந்து பார்த்தேன், துணி சுத்தமாக இருந்தது. கடைக்கு ஆட்கள் மெதுவாகத்தான் திரும்பினார்கள். பொட்டலத்தை மேசையில் வைத்தவர் திரும்பவே இல்லை. எலுமிச்சம்பழத்தை மாமா கழற்றவும் இல்லை. "அதும் இருக்கட்டும்" என்றார்.

ஒரு சனிக்கிழமை நான் கடையில் இருந்தபோது, அத்தை புடவையை உதறிக்கொண்டு எதிர்க் கடைக்கு நடந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்த அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏனம்மணி, கூடைத் துணியைக் கொதிக்க வெக்கறியா?" என்று அத்தை கேட்டது ரோட்டைத் தாண்டி எனக்குக் கேட்டது. "இந்தச் சாரல்ல காயாது. செவந்து போயிரும். என்ர மருமக படிச்சுக் கண்டுபுடிச்சிருக்கா. நாந்தான் தெரியாம உம்மேல சொல்லிப்போட்டேன்."

அந்த அக்கா என்ன சொன்னார் என்று என் காதில் விழவில்லை. ஆனால் அத்தை திரும்பி வர நேரம் ஆனது. வரும்போது கையில் ஒரு டீ கிளாஸ் இருந்தது.

என் ஆராய்ச்சியைத் துறைக் கருத்தரங்கில் படித்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எதற்கும் தடுமாறவில்லை. ஒவ்வொரு பதிலும் நான் கையால் செய்து பார்த்ததுதானே. இப்போது கோயமுத்தூரிலேயே உணவுப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பால், மசாலாப் பொடி, பேக்கரிக் கேக் என்று தினமும் ஏதாவது வருகிறது. கெட்டுப்போனதோடு யாராவது முகம் வாடி வந்து நின்றால், முதலில் உட்கார வைத்து, இது எந்த அறையில், எந்த மாதத்தில் நடந்தது என்றுதான் கேட்கிறேன்.