நாய்கள் இல்லாத நாலு நாள்

போன வாரம் எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோனது.

சண்டை எதுவும் இல்லை. நாலு நாள் வீட்டில் நாய்கள் இல்லை... அவ்வளவுதான்.

நாய்கள் இல்லாவிட்டால் குரைப்புத்தானே நிற்கும், பேச்சு ஏன் நிற்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேரில் கேட்டால் சொல்லமாட்டேன். எழுதிவிடலாம். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

கல்யாணமான புதிதில் என் அம்மா எங்களோடு இருந்தார். பாலக்கரையில் இதே வீடுதான், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. மாமியார் முன்னால் புருஷனோடு நேருக்கு நேர் பேசுவது மரியாதை இல்லை என்று என் மனைவி மேரிக்கு அவள் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மற்ற வீடுகளில் இதற்குக் குழந்தையைப் பிடித்துக்கொள்வார்கள். அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு என்று தொட்டிலில் கிடக்கிற மூன்று மாதப் பிள்ளையிடம் சொல்வார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அப்போது வீட்டில் ஒரு செவலை நாய் இருந்தது. மேரி அதனிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. செவலையும் போய்விட்டது. வழக்கம் மட்டும் போகவில்லை.

இப்போது இருப்பவை இரண்டு. ஜிம்மி கறுப்பு, வயசாளி, எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கேட்கும். ராணி வெள்ளையில் பழுப்புத் திட்டு, துடுக்கு.

சாப்பிட வாங்க, குடையை எடுத்துக்குங்க — இந்த மாதிரி லேசான பேச்செல்லாம் எங்களுக்குள் நேராகவே நடக்கும். அதற்கு மேல் கனமுள்ள எதுவும் நாய் வழியாகத்தான் வரும். அதிலும் மேரி ஒரு பிரிவினை வைத்திருக்கிறாள். செய்தி ஜிம்மிக்கு. புகார் ராணிக்கு. “ஜிம்மி, ஞாயித்துக்கிழமை சின்னம்மா வீட்டு விசேஷம்டா, உங்கய்யாவை வேற எங்கயும் போயிடாம இருக்கச் சொல்லு” என்றால் ஆபத்தில்லை. “ராணி, இங்க வாடி” என்று குரல் கேட்டால், என்னோடு பேசிக்கொண்டிருக்கும் நண்பர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

பதிலை நானும் நாய்க்குத்தான் சொல்வேன். எனக்கு வேலை அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில். எட்டு மணி நேரம் இரும்பு கத்துகிற சத்தத்தில் வாய் திறக்காமல் நிற்கிறவன். வீட்டுக்கு வந்ததும் ஒருவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசு என்றால் வருமா? நாய் வசதி. அதன் முதுகைத் தட்டிக்கொண்டே சொல்லிவிடலாம்.

இது எங்கள் வீட்டுக் கோளாறு மட்டும்தானா என்று யோசித்திருக்கிறேன். இல்லை. எங்கள் பட்டறை ஸ்டோர்ஸில் இருக்கும் ரங்கராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர். அவர் வீட்டில் நாய் கிடையாது, பெருமாள் உண்டு. அவர் மனைவி விளக்கேற்றும்போது கொஞ்சம் உரக்கவே சேவிப்பாராம். “பெருமாளே, இந்த மனுஷர் நாளைக்கு ஆத்துக்கு வரச்சே ஞாபகமா நெய் வாங்கிண்டு வரணும், நீதான் அனுக்ரஹம் பண்ணணும்.” மறுநாள் ரங்கராஜன் நெய்யோடு போவார். அனுக்ரஹம் ஆகிவிடும்.

ஆக, பல வீடுகளில் நடுவில் யாரோ ஒருவர் தேவைப்படுகிறார்கள்.

இதில் ஒரு பெரிய சௌகரியமும் இருக்கிறது. நாயிடம் சொன்னதற்கு நான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பிடித்திருந்தால் என் காதில் விழும். பிடிக்கவில்லையா... அது நாயிடம் சொன்னது. இந்தச் சௌகரியத்தைத்தான் மூன்று மாதமாக நான் நன்றாக உபயோகித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் மேரி ஜிம்மியிடம் ஒரு செய்தி சொன்னாள். இடது கண்ணில் புகை படிந்த மாதிரி இருக்கிறதாம். என் காதில் விழுந்தது. பேப்பரைப் புரட்டினேன். இன்னொரு நாள், பஸ் நம்பர் சரியாகத் தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி நடந்து வந்ததாகச் சொன்னாள். அதுவும் ஜிம்மியிடம்தான். எல்லாம் வெயில்தான்டா என்று நானும் ஜிம்மிக்கே பதில் சொன்னேன்.

அப்புறம் விஷயம் ராணிக்குப் போனது. சர்ச்சுக்குப் பக்கத்து ஸ்கூலில் இலவசக் கண் முகாம் வைக்கிறார்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பேர் கொடுக்க வேண்டும். ஆபரேஷன் தேவைப்படலாம் என்றால் வீட்டுக்காரர் கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். ராணியின் காதைத் தடவிக்கொண்டே ஒன்று விடாமல் சொன்னாள். சர்ச் பூசையில் சாமியார் அறிவித்ததுதான் அத்தனையும். அந்தப் பூசையில் நானும் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அது அவளுக்கும் தெரியும்.

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஏன் அப்படி? கண்ணில் கத்தி என்று நினைத்தாலே எனக்கு உடம்பு நடுங்கும். ஒரு தடவை பட்டறையில் இரும்புப் பிசிர் என் கண்ணில் விழுந்தது. அதை எடுத்த ஐந்து நிமிஷம் இன்னும் மறக்கவில்லை. அது ஒன்று. இன்னொன்று, நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவன். ஃபாரம், கையெழுத்து, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவர் — இதெல்லாம் சேர்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதனாலேயே நாய்களுக்கு முனிசிபாலிட்டி லைசென்ஸ்கூட வாங்காமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

அதுதான் என்னை மாட்டிவிட்டது. கழுத்தில் லைசென்ஸ் வில்லை இல்லாத நாய்களைப் பிடிக்கிற வண்டி எங்கள் பக்கம் சுற்றப்போகிறது என்று செவ்வாய்க்கிழமை தெருவெல்லாம் பேச்சு. புதன்கிழமை காலையிலேயே இரண்டையும் அரியமங்கலத்துக்கு நடத்திக் கூட்டிப்போய் எங்கள் பட்டறையில் கட்டினேன். வண்டி போகிற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும், வாட்ச்மேன் பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மேரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜிம்மி வழக்கமாகப் படுக்கிற சாக்கைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். ரெண்டும் நல்லா சாப்பிட்டுச்சு என்று நான் சுவரிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துத் தலையாட்டினாள்.

வியாழக்கிழமையும் அப்படியே போயிற்று.

காதுக்கு வேலை இல்லாமல் போனால் கண் வேலை செய்ய ஆரம்பிக்கும்போல. காபி ஊற்றும்போது மேரி டம்ளர் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொள்கிறாள். நிலைப்படி தாண்டும்போது கதவை ஒரு தரம் தொட்டுக்கொண்டுதான் காலை எடுத்து வைக்கிறாள். இடது பக்கம் நான் வந்து நின்றால், நான் இருமினால்தான் திரும்புகிறாள். இதெல்லாம் எத்தனை நாளாக நடக்கிறது? நான் எங்கே இருந்தேன்? இங்கேதான் இருந்தேன். நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காதர் பாய் வந்தார். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கிறவர், இருபது வருஷச் சிநேகிதம். மேரியைத் தங்கச்சி என்பார். அந்த முறையில் நான் அவருக்கு மாப்ளே. ஒரு சீப்பு பூவன்பழத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தவர், நாலு பக்கமும் பார்த்தார்.

“என்ன மாப்ளே, வீடு இவ்ளோ அமைதியா இருக்கு? எங்க உங்க வக்கீலுங்க ரெண்டு பேரும்?”

சொன்னேன். சிரித்தார். மேரி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் சமையல்கட்டு வாசலிலேயே நின்றாள். அவள் அப்படி நிற்கிறவள் இல்லை.

“அண்ணே, உங்க மாப்ளைகிட்ட சொல்லுங்க” என்றாள். “நாளைக்கு மத்தியானத்தோட பேர் எழுதுறது முடியுது. இந்த முகாமை விட்டா அடுத்தது எப்ப வருமோ தெரியாது. அதுக்குள்ள கண்ணு இருக்குமோ என்னமோ.”

காதர் பாய் டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏன் தங்கச்சி, நான் என்ன ஜிம்மியா?” என்று சிரிக்கப் பார்த்தார். மேரி சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். “இந்தா, மூணு அடியில உக்காந்திருக்காரு. அவர்கிட்டயே சொல்லுங்கம்மா. நான் போயிட்டு வரேன்.”

போயேவிட்டார். எங்கள் வீட்டில் டீயைக் குடிக்காமல் அவர் எழுந்து போனது அதுதான் முதல் தடவை.

இப்போது நாங்கள் இரண்டு பேர். பார்ப்பதற்கு நாயும் இல்லை, நண்பரும் இல்லை. அவளைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

“கண்ணு எத்தனை நாளா இப்படி?” என்று கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியாதா?”

இந்த இடத்தில் நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நீ ஜிம்மியிடம்தானே சொன்னாய், எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

“தெரியும்” என்றேன். “மொத நாள்லேர்ந்தே தெரியும்.”

அவள் காதர் பாய் வைத்துவிட்டுப் போன டம்ளரை எடுத்தாள்.

“அப்புறம் ஏங்க?”

“பயம் மேரி. கத்தின்னா பயம். அங்க போயி என்ன பேசுறதுன்னும் பயம்.”

“எனக்கு மட்டும் பயமில்லையாங்க?” என்றாள். குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை. “மூணு மாசமாத் தனியாப் பயந்துக்கிட்டிருந்தேன்.”

கேட்காத மாதிரி இருப்பதற்கு முதலில் நன்றாகக் கேட்டிருக்க வேண்டும். செவிடன்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான்தான் செவிடன் இல்லையே.

சனிக்கிழமை பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே இரண்டு பேரும் போனோம். ஃபாரம் இங்கிலீஷில் இருந்தது, படித்துச் சொல்லும்படி கேட்டேன். பேர் எழுதிக்கொண்டிருந்த அம்மா முகம் சுளிக்காமல் படித்துச் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். உள்ளங்கை வேர்வையில் மை கொஞ்சம் இழுகிவிட்டது. அதற்குள் முடிந்துவிட்டது. இதற்கா மூன்று மாதம்?

மறுநாள் முகாம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். புரை நன்றாக முற்றியிருக்கிறது என்றார். இவ்வளவு நாள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா என்று மேரியிடம் கொஞ்சம் கடுமையாகவே கேட்டார். மேரி தலையைக் குனிந்தாள். விட்டிருந்தால், ஆமாம் டாக்டர், நான்தான் சொல்லவில்லை என்று சொல்லியிருப்பாள். எனக்குத் தெரியும்.

“சொல்லுச்சுங்க டாக்டர்” என்றேன். “நான்தான் கேக்கல.”

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் குரலை உயர்த்திப் பேசியது என் ஞாபகத்தில் கிடையாது. டாக்டர் என்னை ஒரு தரம் பார்த்தார். சீட்டில் ஆபரேஷன் தேதி எழுதினார்.

நாய் வண்டி சுற்றிவிட்டுப் போய்விட்டது என்றார்கள், அன்று மத்தியானமே நாய்களைக் கூட்டி வந்துவிட்டேன். மேரி ஜிம்மியை மடியில் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பேசினாள். உண்ணியைப் பற்றி, இளைத்துப் போனதைப் பற்றி... எல்லாம் அதன் சொந்த விஷயம். எனக்கு அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். பார்வை நன்றாகத் திரும்பும் என்கிறார்கள். எனக்குப் பயம் கொஞ்சமும் குறையவில்லை.

அதை அவளிடமே சொல்லிவிட்டேன்.